முரலும் அவை: இணையவழி முகம்பார் பேச்சு தரநிலையான வரலாறு

2013ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கனடாவின் வான்கூவர் நகரில் ஒரு கூட்ட அரங்கு நிரம்பியிருக்கிறது. வந்திருப்போர் பெரும்பாலும் பொறியாளர்கள். உலாவிகளை உருவாக்கும் நிறுவனங்கள், தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்கள், கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் ஆகியவற்றில் பணிபுரிவோர். அவர்கள் முன் இருந்த கேள்வி சொல்வதற்கு எளிது. இணைய உலாவியின் வழியே இருவர் முகம் பார்த்துப் பேசும்போது, காட்சியைச் சுருக்கி அனுப்பும் முறைகளுள் எதனை எல்லா உலாவிகளுக்கும் கட்டாயமாக்குவது? எச்.264 என்பதையா, விபி8 என்பதையா? வாக்குச்சீட்டு எதுவும் வழங்கப்படவில்லை. ஆதரிப்போர் முரலுக என்று தலைமையிலிருந்து அழைப்பு வருகிறது. வாய் மூடியபடியே எழுப்பப்படும் 'ம்ம்…' என்ற ஒலி அரங்கில் எழுந்து அடங்குகிறது. மற்றதை ஆதரிப்போர்? மீண்டும் அதே ஒலி. எந்தப் பக்கமும் கருத்தொருமை இல்லை என்பது பதிவாகிறது, கூட்டம் முடிகிறது.

அறிவியற் கற்பனைக் கதையில் வரும் சடங்குபோலத் தோன்றும் இந்நிகழ்வு, இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். என்ற அமைப்பின் அன்றாட நடைமுறை. நான் இங்கு ஆளும் 'முரலுதல்' என்ற சொல் வண்டுக்கும் யாழுக்கும் உரியது. அவர்களின் 'ஹம்' என்பதற்கு இதனினும் பொருத்தமான வினை எனக்குக் கிடைக்கவில்லை.

1986 ஜனவரியில் சான் டியேகோவில் 21 பேருடன் தொடங்கிய அமைப்பு அது. அதில் உறுப்பினர் என்று எவரும் இல்லை. மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்து எழுதும் எவரும் பங்கேற்பாளரே. நிறுவனங்களுக்கு அங்கே இருக்கை கிடையாது. பேசுவோர் தனியாள்களாகவே பேசுவதாகக் கொள்ளப்படுகிறது. உறுப்பினர் பட்டியல் இல்லாத இடத்தில் வாக்கெடுப்பு எவ்வாறு நடத்துவது? எந்த எண்ணைக் கொண்டு எந்த எண்ணை வகுப்பது? 1992 ஜூலையில் கேம்பிரிட்ஜ் கூட்டத்தில் டேவிட் கிளார்க் தம் உரைப்படம் ஒன்றில், அரசர்களையும் குடியரசுத் தலைவர்களையும் வாக்கெடுப்பையும் தாம் மறுப்பதாகவும், தோராயமான கருத்தொருமையையும் ஓடும் நிரலையும் நம்புவதாகவும் எழுதிக் காட்டினார். மேலிருந்த ஓர் ஆலோசனைக் குழு, இணைய முகவரித் திட்டத்தை மாற்றத் தன் விருப்பப்படி முனைந்ததனால் எழுந்த சினத்தின் நடுவே வந்த வாசகம் அது. முரலும் வழக்கம் இந்த மனப்பாங்கிற்கு ஏற்றது. கை உயர்த்தினால் எண்ணத் தோன்றும். முரலலை எண்ண முடியாது, அளவை மட்டுமே உணர முடியும். யார் முரன்றார் என்பதும் முன்னிருக்கைக்காரருக்குத் தெரியாது. தம் நிறுவனத்தின் நிலைப்பாட்டிற்கு எதிராக முரல ஒருவருக்கு இயலும்.

மொழியியல் பயின்ற எனக்கு இந்த வரலாறு அறிமுகமானது வேறொரு வாயில் வழியாக. இவ்வமைப்பின் ஆவணங்கள் ஆர்.எஃப்.சி. என்ற பெயரில் எண்ணிட்டு வெளியாகின்றன. அவற்றுள் 2119ஆம் எண்ணுடையது, 1997 மார்ச்சில் வெளிவந்த சில பக்கச் சிற்றேடு. 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' முதலிய ஆங்கிலத் துணைவினைகளுக்குத் தரநிலைகளில் என்ன பொருள் என்று அது வரையறுக்கிறது. பேரெழுத்தில் எழுதினால் 'மஸ்ட்' என்பது விலக்கில்லாத கட்டாயம். 'ஷுட்' என்றால் தக்க காரணம் இருந்தால் மீறலாம். 'மே' என்றால் முழு விருப்பம். வினைநோக்கைச் சட்டம் போட்டு நிலைப்படுத்திய இந்த முயற்சியை நம் வகுப்பறைகளில் யாரும் பேசுவதில்லை. 'செய்ய வேண்டும்' என்ற தமிழ்த் தொடர் கடமை, தேவை, வேண்டுகோள் மூன்றையும் தாங்கக்கூடியது. 'செய்யலாம்' அனுமதிக்கும் வாய்ப்புக்கும் பொது. நம் எழுத்துமுறையில் பேரெழுத்தும் இல்லை. இந்த ஆவணங்களைத் தமிழாக்கப் புகுவோர் முதலில் முட்டிக்கொள்வது இச்சுவரில்தான். அந்தப் பேரெழுத்து 'மஸ்ட்' ஒன்றுக்காக ஒரு பணிக்குழு மூன்றாண்டுக்கு மேல் போராடியதே இப்பதிவின் மையம். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

இணையத்தில் குரலை அனுப்பும் எண்ணம் ஸ்கைப் காலத்தது என்று பலர் கருதுகின்றனர். அது அர்ப்பாநெட்டின் இளமையிலேயே தோன்றியது. தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணிபுரிந்த டேனி கோஹன் தலைமையில் உருவான வலையமைப்புக் குரல் நெறிமுறை 1973 டிசம்பரில் முதலில் செயலுக்கு வந்தது; 1977 நவம்பரில் 741ஆம் ஆர்.எஃப்.சி.யாக வெளியானது. அன்றைய இணைப்புகள் மிக ஒடுங்கியவை. ஆகவே குரலின் அலைவடிவை அப்படியே அனுப்பாமல், குரல்வளையின் அதிர்வெண், ஒலிப்பு வலிமை, வாயறையின் வடிவத்தைக் குறிக்கும் கெழுக்கள் ஆகியவற்றை மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 3,500 பிட் அளவில் அனுப்பி, மறுமுனையில் குரலை மீட்டுருவாக்கினர். ஒலிப்பியல் படித்தவர்களுக்கு நன்கு தெரிந்த நேரியல் முன்கணிப்பு முறைதான் அது.

அந்த நெறிமுறையில் என்னை ஈர்த்தது, இயந்திரங்கள் பேச்சைத் தொடங்குமுன் ஒன்றோடொன்று நடத்தும் உரையாடல். ஒரு முனை அழைக்கிறது. பின்னர், இந்தக் குரற்குறியாக்கி உனக்குத் தெரியுமா, இந்த வேகம் உனக்கு இயலுமா என்று வினவுகிறது. மறுமுனை ஒப்புகிறது, அல்லது மறுக்கிறது. இருவருக்கும் பொதுவான ஒன்று கிடைத்த பிறகே குரல் பாய்கிறது. முடிந்ததும் விடைபெறுவதற்கும் ஒரு செய்தி உண்டு. பேரம் பேசுதல் என்பது முதல் நாளிலிருந்தே இத்துறையின் உடன்பிறப்பு.

கோஹனின் அனுபவம் இன்னொரு பெரும் விளைவைத் தந்தது. அஞ்சலோ கோப்போ அனுப்பும்போது ஒரு பொதி தொலைந்தால் மீண்டும் கேட்டுப் பெறலாம், தாமதம் பொருட்டன்று. பேச்சில் நிலைமை தலைகீழ். அரை நொடி பிந்தி வரும் அசையால் பயனில்லை. அதற்காகக் காத்திருந்தால் அடுத்த அசைகளும் கெடும். தொலைந்ததைத் தொலைந்ததாக விட்டுவிட்டு முன்னே செல்வதே நன்று. எனவே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தித் தருவதையே கட்டாயமாக்கிய அன்றைய டி.சி.பி. நெறிமுறை குரலுக்கு ஒவ்வாது என்று அவர் விடாமல் வாதிட்டார். வேறு சிலரும் இதே கருத்தினர். 1978இல் அந்நெறிமுறை டி.சி.பி., ஐ.பி. என இரண்டாகப் பிளக்கப்பட்டது. பொறுப்பேதும் ஏற்காமல் பொதியை அனுப்பிவிடும் யு.டி.பி. 1980 ஆகஸ்டில் மூன்றே பக்க ஆவணமாக வெளிவந்தது. இன்றைய இணையத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் குரலுக்கு இவ்வளவு பங்குண்டு என்பதைக் கணினி வரலாற்று நூல்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது குறைபாடாகவே படுகிறது.

அடுத்த நிலை 1992 மார்ச். சான் டியேகோவில் ஐ.இ.டி.எஃப். கூட்டம் நடந்தபோது, ஸ்டீவ் காஸ்னரும் ஸ்டீவ் டீரிங்கும் அவர்தம் தோழர்களும் அக்கூட்டத்தின் ஒலியையே இணையத்தில் அனுப்பினர். மூன்று கண்டங்களில் 20 இடங்களில் அது கேட்கப்பட்டது. தொலைவிலிருந்தோர் கேள்வி கேட்கவும் முடிந்தது. நேரடிப் பேச்சுக்கான தரநிலையை உருவாக்கப் புகுந்தவர்களின் முதற்பெரும் சோதனைப்பொருள் அவர்களது சொந்தக் கூட்டமே. சோதனைகளில் பெற்ற பட்டறிவு ஆர்.டி.பி. என்ற நெறிமுறையாகி 1996 ஜனவரியில் 1889ஆம் ஆர்.எஃப்.சி.யாக வந்தது. ஒவ்வொரு பொதியிலும் வரிசை எண்ணும் நேர முத்திரையும் இட்டு, தாமதமும் இழப்பும் எவ்வளவு என்று மறுமுனை அறியச் செய்யும் ஏற்பாடு அது. இன்று நீங்கள் காணும் எந்தக் காணொளி அழைப்பின் அடியிலும் பெரும்பாலும் அதுவே ஓடுகிறது.

தொலைபேசி உலகமும் சும்மா இருக்கவில்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996இல் எச்.323 என்ற தன் தொகுப்பை வெளியிட்டது. ஐ.இ.டி.எஃப். பக்கம் 1999இலும், திருத்தப்பட்ட வடிவில் 2002 ஜூனிலும் சிப் என்ற அழைப்பு நெறிமுறை வந்தது. இரண்டு பண்பாடுகளின் மோதல் அது, தனிப் பதிவுக்குரியது. இந்தியாவில் இணையத் தொலைபேசி சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே 2002 ஏப்ரல் 1 முதல்தான் என்பதை மட்டும் இங்கே நினைவுபடுத்திக்கொள்கிறேன்.

2010இல் காட்சி மாறியது. அதுவரை உலாவியில் பேச வேண்டுமெனில் தனிச் செருகுநிரல் ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் கூகுள் நிறுவனம் ஆன்2 என்ற நிறுவனத்தை வாங்கியது. விபி8 காட்சிச் சுருக்கமுறை அதனோடு வந்தது. ஒலித் தொழில்நுட்பத்தில் தேர்ந்த குளோபல் ஐ.பி. சொல்யூஷன்ஸ் நிறுவனத்தையும் வாங்கியது. 2011இல் அவ்விரண்டின் அடிப்படையில் அமைந்த நிரலை வெப்ஆர்டிசி என்ற பெயரில் கட்டற்றதாக வெளியிட்டது. ஓடும் நிரல் வந்துவிட்டது. கருத்தொருமை இனி வர வேண்டும்.

அதற்கான வேலையை யார் செய்வது? உலாவிக்குள் நிரலாளர் எழுதும் கட்டளைகள் டபிள்யூ3சி அமைப்பின் எல்லை. கம்பியில் ஓடும் பொதிகள் ஐ.இ.டி.எஃப். எல்லை. 2011 மே மாதத்தில் இரு அமைப்புகளிலும் இரட்டைப் பணிக்குழுக்கள் நிறுவப்பட்டன. டபிள்யூ3சி பக்கம் ஹரால்ட் ஆல்வெஸ்ட்ராண்டும் ஸ்டெஃபான் ஹோகன்சனும் தலைவர்கள், ஐ.இ.டி.எஃப். பக்கம் 'ஆர்டிசிவெப்' குழுவுக்கு கல்லன் ஜென்னிங்ஸ், டெட் ஹார்டி, மாக்னஸ் வெஸ்டர்லுண்ட். முதலாமவர் கூகுளைச் சேர்ந்தவராயினும், மற்றக் குழுவின் ஒட்டுமொத்த விளக்க ஆவணத்தையும் அவரே எழுதினார். இரு வீட்டுக்கும் நடுவே ஒரே ஆள்கள் போய்வந்துகொண்டிருந்தனர் என்பது பொருள். கூட்டமைப்பு முறையில் நடக்கும் எந்தப் பணியிலும், எழுதப்பட்ட எல்லைக்கோட்டைவிட இத்தகைய நடைபாதைகள் முக்கியமானவை.

இனி அந்த 'மஸ்ட்'. அழைப்பின் தொடக்கத்தில் இரு உலாவிகள் தத்தமக்குத் தெரிந்த சுருக்கமுறைகளின் பட்டியலைப் பரிமாறுகின்றன. ஒன்று முன்மொழிகிறது, மற்றது விடையளிக்கிறது. 1973இன் உரையாடலேதான், உடுப்பு மட்டும் வேறு. இரு பட்டியல்களிலும் பொதுவான ஒன்றுகூட இல்லையெனில் பேச்சு இல்லை. மலையாளமும் துளுவும் அறிந்த ஒருவர் அசாமியும் போடோவும் அறிந்த ஒருவரைச் சந்திப்பது போன்றது. ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு மொழிகள் தெரிந்தும் பயனில்லை. எனவே எல்லா உலாவிகளும் அறிந்திருக்கக் கடமைப்பட்ட ஒன்றையாவது தரநிலை குறித்தாக வேண்டும்.

ஒலிக்கு இது எளிதில் முடிந்தது. ஸ்கைப்பின் சில்க், ஜிஃப் அமைப்பின் செல்ட் ஆகிய இரண்டையும் இணைத்து ஐ.இ.டி.எஃப். குழுவே உருவாக்கிய ஓபஸ், 2012 செப்டம்பரில் 6716ஆம் ஆர்.எஃப்.சி.யாக வந்தது. உரிமத் தொகை இல்லை, தரமும் உயர்வு. துணையாகத் தொலைபேசி உலகின் பழைய ஜி.711 சேர்க்கப்பட்டது, அதன் காப்புரிமைகள் காலாவதியாகிப் பல்லாண்டு ஆயிற்று. யாருக்கும் இழப்பில்லாததால் யாரும் சண்டையிடவில்லை.

காட்சியின் நிலை அவ்வாறன்று. எச்.264 எங்கும் பரவியிருந்தது. கைபேசிகளின் சில்லுகளில், காணொளிக் கருத்தரங்குக் கருவிகளில், ஒளிப்பதிவுக் கருவிகளில் அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதன் காப்புரிமைகளைத் திரட்டி உரிமம் வழங்கிய எம்பெக் எல்.ஏ. அமைப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது: ஆண்டுக்கு முதல் 1,00,000 பிரதிகளுக்குக் கட்டணமில்லை, அதற்கு மேல் பிரதிக்கு 20 சென்ட் என்று தொடங்கும் அட்டவணை. பெருநிறுவனத்துக்கு இது பொருட்டன்று. யாரும் எத்தனை பிரதியும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அடித்தளத்தில் நிற்கும் ஃபயர்ஃபாக்ஸ் போன்ற மென்பொருளுக்கு இது உயிர்ப்பிரச்சினை. எண்ணிக்கையே தெரியாத பிரதிகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

விபி8ஐ கூகுள் இலவசமாகத் தந்தது. ஆனால் இலவசம் என்று கூகுள் சொல்வதால் மட்டும் அது இலவசமாகிவிடாது. வேறொருவரின் காப்புரிமை அதற்குள் இருக்கக்கூடும். 2013 மார்ச்சில் அடுத்தடுத்து இரண்டு நிகழ்ந்தன. விபி8க்குள் இருக்கக்கூடிய 11 உரிமையாளர்களின் காப்புரிமைகளுக்கு எம்பெக் எல்.ஏ.வுடன் உடன்பாடு கண்டுவிட்டதாக கூகுள் அறிவித்தது. அதே மாதத்தில் நோக்கியா, தன் 64 காப்புரிமைகளையும் 22 விண்ணப்பங்களையும் பட்டியலிட்டு, விபி8க்கு அவற்றை உரிமமாகத் தரத் தான் ஒப்பவில்லை என்று ஐ.இ.டி.எஃப்.இல் பதிவு செய்தது. அந்த மாதம் ஓர்லாண்டோவில் எடுக்கவிருந்த முடிவு எடுக்கப்படவில்லை.

இங்கே கோஹனை மீண்டும் அழைக்க வேண்டும். 1980 ஏப்ரல் 1ஆம் நாள் அவர் புனிதப் போர்கள் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். கணினிச் சொல்லின் பைட்டுகளை எந்த முனையிலிருந்து அனுப்புவது என்ற சண்டையை, கலிவரின் பயணங்களில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று போரிடும் நாட்டாரோடு அவர் ஒப்பிட்டார். எந்த வரிசையைத் தேர்கிறோம் என்பதைவிட ஒரு வரிசைக்கு ஒப்புவதே முக்கியம் என்பது அவர் முடிபு. பொறியாளர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வர். கோடெக் சண்டையிலும் பலர் இந்தத் தொனியிலேயே அலுத்துக்கொண்டனர். என் வாசிப்பில் அந்த ஒப்புமை இங்கே பொருந்தாது. முட்டையின் எந்த முனைக்கும் உரிமத் தொகை கிடையாது. எதற்கு ஒப்புகிறோம் என்பது இங்கே யார் பங்கேற்கலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. சண்டையிட்டவர்கள் சிறுபிள்ளைத்தனமாக நடந்தார்கள் என்ற பொதுவான சித்திரிப்பு அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது.

2013 அக்டோபர் 30 அன்று சிஸ்கோ ஒரு விந்தையான வழியை முன்வைத்தது. எச்.264இன் நிரலைக் கட்டற்றதாக வெளியிடும். அதைத் தொகுத்த இருமக் கோப்பைத் தன் வழங்கியிலிருந்தே தரும். அக்கோப்பைத் தரவிறக்குவோருக்கான உரிமத் தொகையைத் தானே செலுத்தும். நிரல் எல்லாருக்கும் உரியது. ஆனால் நீங்களே தொகுத்தால் கட்டணம் உங்களைச் சேரும், சிஸ்கோ தொகுத்ததை எடுத்தால் சேராது. எழுத்தெழுத்தாக ஒன்றேயான இரு கோப்புகள் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. மொசில்லா அதனை ஏற்றது. மகிழ்ச்சியோடு ஏற்றதாகச் சொல்ல முடியாது. 2014 அக்டோபரில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 33ஆம் பதிப்பு, சிஸ்கோவின் கோப்பைத் தரவிறக்கிக்கொள்ளும் ஏற்பாட்டுடன் வந்தது.

அந்த அறிவிப்பு வந்த ஒரு வாரத்தில் நடந்ததே தொடக்கத்தில் நான் சொன்ன வான்கூவர் முரலல். அதன் பின் வந்த மாதங்கள் இவ்வமைப்பின் வரலாற்றில் அரியவை. கருத்தொருமை வாய்க்காத இடத்தில் எவ்வாறு முடிவெடுப்பது என்று தலைவர்கள் வினவினர். அதற்கு ஓர் ஆவணம் ஏற்கெனவே இருந்தது: கருத்தொருமை முடங்கிய நிலையில் கையாளத்தக்க மாற்று வழிகளைப் பேசும் 3929ஆம் ஆர்.எஃப்.சி., 2004 அக்டோபரில் சோதனைநிலை ஆவணமாக வெளிவந்தது. எழுதியவர் டெட் ஹார்டி. ஆம், இந்தக் குழுவின் தலைவர்களுள் ஒருவரான அதே ஹார்டி. வாக்கெடுப்புபோன்ற ஒன்றை நடத்தலாமா என்ற பேச்சே பலருக்குக் கசந்தது. எது உங்களுக்கு ஏற்பு, எது அறவே ஏற்பில்லை என்று கேட்டுத் தெரிவுகளின் நீண்ட பட்டியல் ஒன்று சுற்றுக்கு விடப்பட்டது. இரண்டும் கட்டாயம், இரண்டில் ஒன்று கட்டாயம், எதுவும் கட்டாயமில்லை என்பவற்றோடு, காப்புரிமை அச்சம் நீங்கிய 1988ஆம் ஆண்டின் எச்.261ஐ மீட்டெடுக்கும் யோசனையும் அதில் உண்டு. அந்தப் பழஞ்சரக்கில் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்திருக்கும். வழக்குரைஞர்கள் மட்டும் நிம்மதியாக உறங்கியிருப்பர். பட்டியலாலும் முடிவு வரவில்லை. விவாதம் ஒத்திவைக்கப்பட்டது.

2014 ஜூனில், இதே அமைப்பைச் சேர்ந்த பீட் ரெஸ்னிக், முரலலையும் கருத்தொருமையையும் பற்றி 7282ஆம் ஆர்.எஃப்.சி.யை எழுதினார். எது உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்பது தவறான கேள்வி. எதனோடு உங்களால் வாழவே முடியாது, ஏன் என்று கேட்பதே சரி என்பது அதன் சாரம். எதிர்ப்பு ஆராயப்பட வேண்டும். இணங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. ஐவர் ஆதரித்து நூற்றுவர் எதிர்த்தாலும் தோராயமான கருத்தொருமை இருக்க முடியும் என்ற அளவுக்கு அவர் செல்கிறார். இத்தகைய வாதம் எண்ணிக்கையில் சிறுபான்மையினருக்குக் காப்பு. கூடவே, எதிர்ப்பு ஆராயப்பட்டதா என்று தீர்மானிக்கும் தலைவருக்குப் பேரதிகாரம். இந்த இரண்டாவதைப் பற்றி அவ்வாவணம் போதிய அளவு கவலைப்படவில்லை என்று நினைக்கிறேன்.

2014 நவம்பரில் ஹோனலூலுவில் சிக்கல் அவிழ்ந்தது. அவிழ்த்த வழி இலக்கண வழி. அதுவரை விவாதம் பயனிலையைச் சுற்றியே நடந்தது: 'மஸ்ட்' எதற்கு, 'ஷுட்' எதற்கு? மொசில்லாவைச் சேர்ந்த ஆடம் ரோச் தொகுத்த வரைவு எழுவாயைப் பிரித்தது. வெப்ஆர்டிசி உலாவி என்பது ஒன்று. உலாவியல்லாத வெப்ஆர்டிசி கருவி மற்றொன்று. வெப்ஆர்டிசியோடு ஒத்திசையும் முனை மூன்றாவது. உலாவிகள் விபி8, எச்.264 இரண்டையும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உலாவியல்லாதவையும் அவ்வாறே, ஆனால் அவற்றுக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. இரண்டில் ஒன்று உரிமத் தொகையின்றிக் கிடைப்பதற்குத் தக்க சான்று எழுந்தால், அதை மட்டும் கட்டாயமாக வைத்து மற்றதை விருப்பமாக்கும் எண்ணத்துடன் மறுபரிசீலனை செய்யப்படும். ஒத்திசையும் முனைகளுக்குக் கட்டாயம் ஏதுமில்லை; அவை எதையும் தேர்ந்துகொள்ளலாம், அவற்றின் வரையறையே அவ்வாறு. எதிர்ப்பு முற்றிலும் அடங்கவில்லை. ஆயினும் தோராயமான கருத்தொருமை எட்டப்பட்டதாகத் தலைவர்கள் கொண்டனர். 2016 மார்ச்சில் 7742ஆம் ஆர்.எஃப்.சி.யாக அது வெளியானது.

இதைச் சிலர் சமரசம் என்பர், சிலர் தோல்வி என்பர். எல்லாரும் வலியைச் சமமாகப் பகிர்ந்துகொண்ட ஏற்பாடாகவும் சொல்லலாம். எனக்கு அதன் மொழி உத்தியே வியப்பளிக்கிறது. 'மஸ்ட்' என்ற சொல்லின் கடுமையைச் சிறிதும் தளர்த்தாமல், அது யாருக்குப் பொருந்தும் என்ற பெயர்ச்சொல் எல்லையைச் சுருக்கிக் கடுமையைத் தாங்கத்தக்கதாக்கினர். தாங்க முடியாதவர் வேறொரு பெயருக்குள் புகுந்துகொள்ளலாம். நம் சட்டங்களின் முதற்பிரிவில் வரும் வரையறைப் பட்டியல்களை வாசிப்போருக்கு இது புதிதன்று.

அந்தக் கடுமைக்குக் காவலர் யாருமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 செப்டம்பரில் ஆப்பிளின் சஃபாரி 11 வெப்ஆர்டிசியை ஏற்றபோது எச்.264 மட்டுமே அதற்குத் தெரிந்திருந்தது. விபி8 வந்து சேர்ந்தது 2019 மார்ச்சில், 12.1ஆம் பதிப்பில். இடைப்பட்ட காலத்தில் பேரெழுத்து 'மஸ்ட்' காகிதத்தில் இருந்தது.

கோடெக் சண்டையின் இரைச்சலில் மறைந்துபோன இன்னொரு முடிவு, பயனருக்கு அதைவிடப் பெரிது. அழைப்பை மறையாக்கம் செய்யும் திறவுகோலை எவ்வாறு பரிமாறுவது? எஸ்.டி.இ.எஸ். என்ற பழைய முறையில் திறவுகோல், அழைப்பை ஏற்பாடு செய்யும் வழங்கியின் வழியே செல்லும். வழங்கியை நடத்துபவர் அதைப் பார்க்க முடியும். டி.டி.எல்.எஸ். அடிப்படையிலான முறையில் இரு முனைகளும் நேரடியாகத் திறவுகோலை உருவாக்கிக்கொள்ளும். பழைய தொலைபேசி அமைப்புகளோடு இணைய முதலாவது எளிது என்று ஒரு சாரார் வாதிட்டனர். 2013 ஜூலையில் பெர்லின் கூட்டத்தில் அது உலாவிகளுக்கு விலக்கப்பட்டது. ஸ்னோடனின் வெளிப்படுத்தல்கள் தொடங்கி ஏறத்தாழ இரு மாதங்களே ஆகியிருந்தன. அரங்கின் மனநிலையில் அதற்குப் பங்கில்லை என்று நம்புவது கடினம். ஒட்டுக்கேட்பதற்கான வசதிகளைத் தன் தரநிலைகளில் கருதுவதில்லை என்ற கொள்கையை இவ்வமைப்பு 2000 மே மாதத்திலேயே, 2804ஆம் ஆர்.எஃப்.சி.யில் எழுதி வைத்திருந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மீதிக் கதையில் அலுப்பே மிகுதி. ஒரே அழைப்பில் பல காட்சி ஓடைகளை எவ்வாறு விவரிப்பது என்பதில் 'பிளான் ஏ', 'பிளான் பி' என இரு கட்சிகள். 2013இலேயே 'யூனிஃபைடு பிளான்' என்று ஒன்றுபட்டும், குரோம் உலாவி இயல்பு நிலையில் அதற்கு மாறியது 2019இல், 72ஆம் பதிப்பில். ஆவணங்கள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டின. மேற்கோள் காட்டப்பட்டது வெளியாகாமல் மேற்கோள் காட்டுவது வெளியாக முடியாது என்பது பதிப்பாசிரியரின் விதி. ஆகவே 238ஆம் கொத்து என்று பெயரிடப்பட்ட ஒரு பெருந்தொகுதி, ஒன்றன் காலை ஒன்று கட்டியபடி ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்தது. ஆய்வேட்டின் ஓர் இயலை முடிக்காமல் மற்ற ஆறையும் சமர்ப்பிக்க முடியாமல் தவிப்போருக்கு இந்நிலை விளங்கும். 2021 ஜனவரியில் 8825ஆம் ஆர்.எஃப்.சி.யும் அதன் உடன்பிறப்புகளும் வெளியாயின. அதே மாதம் 26ஆம் நாள் டபிள்யூ3சியும் வெப்ஆர்டிசி 1.0ஐத் தன் பரிந்துரையாக அறிவித்தது.

உலகம் அதற்குள் ஏறத்தாழ ஓராண்டாக வீட்டுக்குள் அமர்ந்து திரை வழியே பேசிக்கொண்டிருந்தது. நம்மில் பலர் வாய்மொழித் தேர்வுகளையே அவ்வாறுதான் முடித்தோம்.

ஐ.இ.டி.எஃப்.உம் விதிவிலக்கன்று. 2020 மார்ச்சில் நடக்கவிருந்த அதன் 107ஆம் கூட்டத்துக்குக் குறிக்கப்பட்டிருந்த ஊர் அதே வான்கூவர். பெருந்தொற்றால் கூட்டம் முழுவதும் இணையவழிக்கு மாறியது. கூடிய களம் வெப்எக்ஸ் மென்பொருள். அங்கே ஓர் இடர் எழுந்தது. முரல்வது எப்படி? பலர் ஒரே நேரத்தில் ஒலிவாங்கியைத் திறந்தால் எஞ்சுவது இரைச்சல். சீராக நீளும் மெல்லொலியைப் பின்னணி இரைச்சலாகக் கருதி அடக்கும் வடிகட்டிகளும் இவ்வகை மென்பொருள்களில் உண்டு. அந்த ஆண்டு ஜூலையில், மாட்ரிட்டில் நடக்கவிருந்து திரைக்கு வந்த 108ஆம் கூட்டத்தில், முரலலுக்கென ஒரு கருவி செய்து கொடுத்தனர். மெல்ல முரல ஒரு தெரிவு, உரக்க முரல ஒரு தெரிவு. முடிவு எண்ணாக வராது, மேற்கத்திய இசையின் குறியீட்டில் 'பியானிசிமோ' முதல் 'ஃபோர்டிசிமோ' வரை ஏதோ ஒன்றாக வரும். அழகான கற்பனைதான். ஆனால் அந்தச் சொற்களைக் கொண்டு எதைத் தீர்மானிப்பது என்று பலருக்கும் விளங்கவில்லை. பின்னர் அது கைவிடப்பட்டு 'கை உயர்த்தல்' கருவி வந்தது. உயர்த்தியவர் எத்தனை பேர், உயர்த்தாதவர் எத்தனை பேர் என்று திரையில் அது எண்களாகவே காட்டியது.